ஏழுமலை மாமாவின் ஐஸ் பெட்டி

"இந்த சாம்பிளை யாருங்க கொண்டுவந்து குடுத்தது?"

கேட்டவர் சிதம்பரத்தில் ஒரு லேபின் டாக்டரம்மா. சதையை மெல்லிசாகச் சீவி, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்த்து, இது என்ன நோய் என்று எழுதித் தருகிறவர். அவருக்கு எதிரே இரண்டு நாற்காலிகள். ஒன்றில் ஏழுமலை மாமா, என் அக்காவின் கணவர். இன்னொன்று எனக்கு. நான் உட்காரவில்லை.

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு இது புதிதல்ல. கல்யாணப் பந்தியிலேயே பாயசம் வருவதற்குள் எழுந்துவிடுகிற ஆள் நான். அக்காவின் ரிப்போர்ட் விஷயமாக லேபிலிருந்து போன் போட்டு வரச் சொன்னால்... உட்காருவேனா?

"நான்தாங்க கொண்டாந்தேன்" என்றார் மாமா.

"ஃபார்மலின்லதான இருந்துச்சு?"

மாமா திரும்பி என்னைப் பார்த்தார். சாதாரணமாக அவர் அப்படிப் பார்க்கிறவர் இல்லை.

முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன்.

கலா அக்காவுக்கு மார்பில் கட்டி. குளிக்கும்போது கையில் தட்டுப்பட்டிருக்கிறது. அக்கா கணக்கு டீச்சர். "ஸ்கூல்ல பரீட்சை முடியட்டும்" என்று தள்ளிப் போடவில்லை, மறுநாளே டாக்டரிடம் போய்விட்டாள். கடலூரிலேயே ஊசி போட்டுத் துளி சதை எடுத்துப் பார்த்தார்கள். கேன்சர்தான். அடுத்த வாரம் ஆபரேஷன்.

ஆபரேஷன் செய்த டாக்டர் ஒரு விஷயம் சொன்னார். எடுத்த கட்டியில் ஹார்மோன் ரிசப்டார் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் மாத்திரை உண்டு. தினம் ஒன்று, வருஷக்கணக்கில். திரும்ப வராமல் பார்த்துக்கொள்வதில் அதற்குப் பெரிய பங்கு. இல்லையென்றால் அந்த மாத்திரையால் பிரயோஜனம் இல்லை, வேறு வழியைப் பார்க்க வேண்டும்.

அந்த டெஸ்ட்டுக்கு சிதம்பரம் லேப். நம் பக்கத்து வழக்கம்தான் தெரியுமே... சாம்பிளை பேஷன்ட் வீட்டு ஆட்களே எடுத்துப் போய்க் கொடுத்துவிட வேண்டும். சனிக்கிழமை மதியம் ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே ஒரு நர்ஸ் பிளாஸ்டிக் பாட்டிலை நீட்டினார். உள்ளே தண்ணீர் மாதிரி ஒரு திரவம், அதில் அக்காவின் கட்டி. "திங்கக்கெழம காலையில சிதம்பரத்துல குடுத்துருங்க" என்றார்.

கொண்டுபோக வேண்டியவன் நான். ஆனால் திங்கட்கிழமை காலை பத்திரிகைக்கு இந்தப் பத்தியை அனுப்ப வேண்டிய நாள். "மாமா, நீங்க போயிட்டு வந்துருங்களேன்" என்றேன். அவரும் தலையாட்டி வாங்கிக்கொண்டார்.

இனி மாமாவைப் பற்றி. ஏழுமலை மாமா கடலூர் முதுநகரில் ஐஸ் வியாபாரம். அவர் அப்பா மேல்பட்டாம்பாக்கத்தில் கரும்பு போட்டவர். மாமா கரும்பை விட்டுவிட்டு ஒரு டெம்போ வாங்கினார். ஃபேக்டரியிலிருந்து ஐஸ் பார்களை ஏற்றி வந்து துறைமுகத்தில் மீன் பெட்டிகளுக்கு உடைத்துப் போடுவார். முப்பது வருஷ அனுபவம். அவர் மூக்கு ஒன்று போதும், எந்த மீன் எப்போது பிடித்தது என்று சொல்லிவிடுவார்.

அந்த மூக்குக்கு ஒரே ஒரு ஜென்மப் பகை. ஃபார்மலின். கெட்டுப்போகிற மீனைப் புதுசு போலக் காட்ட சில பேர் தடவுகிறார்களே, அதேதான். ஒரு தடவை வெளியூர் லோடு ஒன்றில் அந்த வாடையைக் கண்டுபிடித்து, பெட்டி மேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டார். அதிகாரி வரும்வரை இறங்கவே இல்லை.

அதைப் போன வருஷம் இதே பக்கத்தில் எழுதினேன். 'ஐஸை மட்டும் நம்புங்கள்' என்று தலைப்பு. மாமா அதைக் கத்தரித்து, லேமினேட் செய்து, டெம்போவில் ஸ்டியரிங்குக்கு மேலே ஒட்டியிருக்கிறார். எனக்கும் கொஞ்சம் பெருமைதான்.

இப்போது உங்களுக்கு விளங்கியிருக்குமே. எனக்கு அந்த நாற்காலி பக்கத்தில் நிற்கும்போதுதான் விளங்கியது.

"பாட்டில் மூடி லூசா இருந்துச்சு டாக்டரம்மா" என்று மாமா ஆரம்பித்தார். "வண்டியில வச்சதும் வாட அடிச்சுது. இந்த வாட எனக்குத் தெரியும். போயும் போயும் எங் கலாவோடதுல இத ஊத்தி வச்சிருக்காங்களேன்னு... கொட்டிட்டேன். நல்ல தண்ணியில ரெண்டு தபா அலசி, ஐஸ் பெட்டியில வச்சேன். ஞாயித்துக்கெழம ரெண்டு வாட்டி ஐஸ் மாத்துனேன். ஒரு ஈ மொய்க்க வுடல."

"திங்கக்கிழமை அப்படியேவா குடுத்தீங்க?"

"அதே பாட்டில்ல தண்ணியோட குடுத்தேன். வாங்கிக்கிட்டாங்க. ஒண்ணும் கேக்கல."

நான் கத்திவிட்டேன். ஆமாம், லேபில், நாலு பேர் முன்னால். மூளை இருக்கிறதா மாமா, நர்ஸ் கொடுத்ததைத் திறக்கலாமா, இது என்ன வஞ்சிரமா... வாய்க்கு வந்ததெல்லாம் சொன்னேன். இதுவரை அவரை நான் எதிர்த்துப் பேசியதே இல்லை.

மாமா தலை நிமிரவில்லை. "நீகூட எழுதியிருந்தியே மச்சான்" என்று மட்டும் சொன்னார்.



டாக்டரம்மா கோபப்படவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஐயா, ஐஸ் மீனுக்கு சரி. ஆனா ஒடம்புலேர்ந்து வெட்டி எடுத்த சதை அந்த நிமிஷத்துலேர்ந்தே கெட ஆரம்பிக்கும். ஐஸ் அதைக் கொஞ்சம் மெதுவாக்கும், நிறுத்தாது. ஃபார்மலின்தான் இருக்கற நெலமையிலயே அப்படியே பிடிச்சு வைக்கும். நமக்கு சமைக்க வேணாம், பாக்கணும். அவ்வளவுதான் வித்தியாசம்."

பிறகு ஏன் எங்களைக் கூப்பிட்டார் என்று சொன்னார். ரிசப்டார் டெஸ்ட்டில் கட்டியில் எங்குமே சாயம் ஏறவில்லை. அதாவது ரிசப்டார் இல்லை, மாத்திரை இல்லை. அப்படியும் சில கட்டிகள் உண்டு. ஆனால் கையெழுத்துப் போடப் பேனாவை எடுத்தவருக்கு ஒன்று உறுத்தியிருக்கிறது. கட்டிக்குப் பக்கத்தில் நோயில்லாத பால் சுரப்பியும் கொஞ்சம் வந்திருந்தது. அதிலும் சாயம் ஏறவில்லை.

"அம்மாவுக்கு எத்தன பிள்ளைங்க?" என்று கேட்டார்.

"ரெண்டு" என்றார் மாமா.

"ரெண்டுக்கும் தாய்ப்பால்தான?"

"ஆமாங்க. சின்னவன் மூணு வயசு வரைக்கும் வுடல."

"அந்தச் சுரப்பி வளந்ததே ரிசப்டார் இருந்ததாலதான். அதுல அங்கங்க நாலு செல்லாவது சாயம் ஏறிப் பழுப்பா தெரியணும். ஒண்ணுமே இல்லைன்னு ஸ்லைடு சொல்லுது. நான் நம்பல. சதை கெட்டதுல ரிசப்டாரும் அழிஞ்சிருக்கும். நோயாளி மேல சந்தேகம் இல்ல, டெஸ்ட் மேலதான்."

அந்த நிமிஷம் அந்த அம்மாவின் காலில் விழுந்திருப்பேன். அதற்கும் ஓரிடத்தில் நிற்க வேண்டுமே.

மாமா மெதுவாகக் கேட்டார். "அது இன்னா டாக்டரம்மா, ரிசப்டாரு?"

டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். ஹார்மோன் ரத்தத்தில் உடம்பு முழுக்கச் சுற்றுகிறது. எல்லா செல்லும் அதைக் கண்டுகொள்வதில்லை. ரிசப்டார் உள்ள செல்தான் வாங்கிக்கொள்ளும். அந்த ரிசப்டாரும் தனியாக முடிவெடுக்காது. கூடவே சில புரதங்கள். 'வளரு, வளரு' என்று தூண்டுவது சில, 'போதும்' என்று அடக்குவது சில. பெண் வயதுக்கு வரும்போதும் பிள்ளை உண்டாகும்போதும் தூண்டுகிற கூட்டம் ஓங்கும், சுரப்பி வளரும். பிள்ளை பால் மறந்ததும் அது சுருங்கிக்கொள்ளும். ஒழுங்கான உடம்பில் இது முறையாக நடக்கிறது. இந்த வகைக் கேன்சரில் 'போதும்' என்ற பேச்சு எடுபடாமல் போய்விடுகிறது.

கேட்டுக்கொண்டே அறைக்குள் நடந்தேன். எனக்குள் 'போதும்' சொல்கிற கூட்டம் சின்ன வயதிலேயே வேலையை விட்டுப் போய்விட்டது போலிருக்கிறது.

"மாத்திரை என்னா பண்ணும்?"

"ஹார்மோன் உக்கார வேண்டிய எடத்துல அது போய் உக்காந்துக்கும். உக்காந்துட்டு 'போதும்'னு சொல்றவங்களையும் கூட்டிட்டு வந்துடும்."

மாமா கொஞ்சம் யோசித்தார். "பஸ்ஸுல துண்டு போட்டு எடம் புடிக்கற மாரி."

"அதேதான் ஐயா" என்றார் டாக்டரம்மா. "ஆனா துண்டு போட சீட்டு இருக்கணும். அது இருக்கா இல்லையான்னுதான் இப்ப நமக்குத் தெரியல."

வழி ஒன்று இருந்தது. முதலில் ஊசி போட்டு எடுத்த சதை. அது அந்த நிமிஷமே ஃபார்மலினில் விழுந்தது. மாமா கைக்கு வரவே இல்லை. அதை மெழுகில் பதித்துச் சின்னக் கட்டியாகக் கடலூர் லேபில் வைத்திருப்பார்கள். பிளாக் என்று பெயர். தூக்கிப் போட்டிருக்காவிட்டால், அதில் டெஸ்ட் செய்யலாம்.

தூக்கிப் போட்டிருக்காவிட்டால். இந்த இரண்டு வார்த்தைகளோடு சிதம்பரத்திலிருந்து கடலூருக்குப் பஸ்ஸில் வந்து பார்த்திருக்கிறீர்களா? லேபுக்கு போன் போட்டால் எடுக்கவில்லை. புதுச்சத்திரத்தில் ஒரு தடவை, ஆலப்பாக்கத்தில் ஒரு தடவை போட்டேன். ரயில்வே கேட்டில் பஸ் நின்றபோது இறங்கி நடக்கலாமா என்றுகூடத் தோன்றியது. மாமா ஜன்னலோரம் உட்கார்ந்து வெளியே பார்த்தபடி வந்தார்.

மஞ்சக்குப்பத்தில் அந்த லேப். இருந்த பெண்மணி மூன்று டப்பாக்களைக் குடைந்து, நான்காவதில் எடுத்தார். தாயக்கட்டை அளவில் வெள்ளை மெழுகு. ஒரு காகிதத்தில் சுற்றித் தந்தார்.

"நீயே எட்துக்க மச்சான். எங் கை வேணாம்" என்றார் மாமா.

"நீங்கதான் எடுத்துட்டு வரணும்" என்றேன். காலையில் கத்தியதற்கு எனக்குத் தெரிந்த மன்னிப்பு அதுதான்.

மாமா அந்தப் பெண்மணியிடம் கேட்டார். "இத எதுல வச்சு எட்தும் போவணும்?"

"சும்மா சட்டப் பையில வச்சுக்கங்க."

"வெயிலு ஜாஸ்தியா இருக்கே, உருகாதா?"

"உருகாதுங்க."

"ஐஸு..."

"வேண்டாங்க ஐயா."

மறுபடியும் சிதம்பரம் பஸ். வழி முழுக்க மாமா சட்டைப்பை மேல் உள்ளங்கையை வைத்து வெயில் படாமல் மறைத்துக்கொண்டே வந்தார். டிக்கெட் எடுக்கக்கூடக் கையை எடுக்கவில்லை. அதைப் பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. சனிக்கிழமை அந்தப் பாட்டிலையும் இதே மனுஷன் இப்படித்தானே கொண்டு போயிருப்பார்?

ரிசல்ட் வர ஒரு வாரம். அந்த வாரம் நான் என்ன சாப்பிட்டேன், என்ன எழுதினேன், ஒன்றும் நினைவில்லை. பத்தியில் இரண்டு எழுத்துப்பிழை என்று மூன்று வாசகர்கள் எழுதியிருந்தார்கள். மன்னிக்கவும்.

அக்காவிடம் சொல்வதா வேண்டாமா என்று நான் குழம்பிக்கொண்டிருந்தேன். மாமா அன்றைக்குச் சாயங்காலமே சொல்லிவிட்டாராம். அக்காதான் எனக்கு போன் செய்தாள்.

"அவருகிட்டப் போயி ஏன்டா கத்தின?"

"அக்கா, மாமா என்ன பண்ணாருன்னு தெரியுமா?"

"தெரியும். முப்பது வருஷமா கண்ணுல பட்டத எல்லாம் கெடாம பாத்துக்கிட்டவரு. என்னையும் அப்படித்தான் பாத்துக்கப் பாத்தாரு. அவருக்குத் தெரிஞ்ச விதம் அது." பிறகு கேட்டாள். "நீ அன்னிக்கு எழுதற வேலை இருக்குன்னியே, என்னடா எழுதின?"

குடும்பத்துக்காக நேரம் ஒதுக்குவது எப்படி என்று எழுதியிருந்தேன். அவளிடம் சொல்லவில்லை. உங்களிடம் மறைக்க முடியாது, நீங்கள் படித்திருப்பீர்கள்.

இரவல் அறிவை வைத்துக்கொண்டு தப்பு செய்கிறவர்களைத் திருத்திவிடலாம். சொந்த அனுபவத்தால் தப்பு செய்கிறவர்களை என்ன செய்வது? மாமாவுக்கு ஐஸ். எனக்குப் பேனா. அது உதவாத இடத்திலும் அதையே நீட்டிக்கொண்டு நிற்கிறோம். 'இந்த இடத்தில் எனக்கு ஒன்றும் தெரியாது, கேட்டுச் செய்கிறேன்' என்று சொல்ல நம்மில் எத்தனை பேருக்கு வாய் வருகிறது?

ரிசல்ட் அன்று சிதம்பரத்துக்கு இரண்டு மணி நேரம் முன்னதாகவே போய்விட்டேன். நான்கு தேர் வீதிகளையும் சுற்றினேன். பக்தி இல்லை, கால் நிற்கவில்லை. மூன்றாவது சுற்றில் பூக்கார அம்மா ஒருவர், "சாமி உள்ள இருக்குங்க" என்று வழி காட்டினார்.

லேபில் டாக்டரம்மா, பின்னால் வந்து சேர்ந்த மாமாவைக் கூப்பிட்டு மைக்ராஸ்கோப் முன்னால் உட்கார வைத்தார். "பாருங்க ஐயா."

மாமா குனிந்தார். ரொம்ப நேரம் நிமிரவில்லை.

"பழுப்பு பழுப்பா புள்ளி புள்ளியா... நெறைய இருக்கு டாக்டரம்மா."

"அதான் ரிசப்டார். கட்டி முழுக்க இருக்கு. அம்மாவுக்கு மாத்திரை வேலை செய்யும்."

மாமா கண்ணை எடுக்கவே இல்லை. "இது அந்த மருந்துல இருந்ததா?"

"ஆமாங்க, ஃபார்மலின்தான்."

மூக்கை உறிஞ்சினார். தோள் குலுங்கியது. லென்ஸில் கண்ணை வைத்தபடியே, துறைமுகத்தில் ஒரு பெட்டிக்குத் தன் வாயால் தரக்கூடிய உச்சபட்ச சர்டிஃபிகேட்டைக் கொடுத்தார்.

"நல்லா ஃப்ரெஷ்ஷா இருக்கு."

நான் அப்போதுதான் கவனித்தேன். நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

அக்கா மாத்திரை ஆரம்பித்துவிட்டாள். காலையில் மாமாதான் எடுத்துக் கொடுக்கிறார். மருந்துச் சீட்டைப் படித்து, நேரம் பார்த்து, டாக்டர் சொன்னபடியே.

நேற்று முதுநகரில் டெம்போவில் ஏறினேன். என் கட்டுரை ஸ்டியரிங்குக்கு மேலேயே இருக்கிறது. 'ஐஸை மட்டும் நம்புங்கள்.' மாமா அதைக் கிழிக்கவில்லை. தலைப்புக்குக் கீழே மார்க்கரில் இரண்டே வார்த்தை சேர்த்திருக்கிறார்.

'மீன் விஷயத்தில்.'