அண்ணாச்சி கேட்ட தீப்பெட்டி

போர்ட் பிளேரில் பகலெல்லாம் ஜெட்டி என்கிற கப்பல்துறையில் மூட்டை தூக்குவேன். மாலையில் சாராயம், பிறகு கடைவீதியில் ஏதாவது ஒரு கடை வாசலில் படுக்கை. அப்படிப் படுத்திருந்த எங்களில் யாரோ போட்ட பீடியில் மளிகைக்கடை அண்ணாச்சியின் கடை எரிந்தது. வியாபாரிகள் கூடிப் பேசினார்கள். வீடில்லாத குடிகாரர்களை அடுத்த மதராஸ் கப்பலில் மெயின்லேண்டுக்கு அனுப்பச் சொல்லிப் போலீசிடம் கேட்டார்கள்.

கப்பல் வந்த காலையில் எங்களை ஜெட்டியில் உட்கார வைத்தார்கள். குடிக்காததால் என் கை நடுங்கியது. மதராஸில் எனக்கு யாருமில்லை. கப்பலின் ஊதல் கேட்டதும் பக்கத்திலிருந்த கம்பத்தை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

"உன் முலுக் எது, எந்த ஊர்?" என்று பக்கத்திலிருந்த ராம்தீனைப் போலீஸ்காரர் இந்தியில் கேட்டார்.

"இதுதான் சாப். என் தாத்தாவைக் கைதியா இங்கே கொண்டு வந்தாங்க. என்னை எங்கே கொண்டு போவீங்க?"

எங்களை அனுப்பச் சொல்லி அதிகம் கத்திய அண்ணாச்சிதான் முன்னால் வந்தார்.

"இந்த ராம்தீன் இருக்கட்டும் சார். கடையைத் திரும்பக் கட்ட ஆள் வேணும்." என் பக்கம் திரும்பினார். "ஏலே, நீயும் மரம் தூக்குவியா?"

"தூக்குவேன் அண்ணாச்சி."

"குடிச்சிட்டு வந்தா நானே கப்பல் ஏத்துவேன். தீப்பெட்டியைக் குடு."

கொடுத்தேன். வாங்கிய அவர் கை என் கையைவிட மோசமாக நடுங்கியது. பயம் எங்களுக்கு மட்டும்தான் என்று அதுவரை நினைத்திருந்தேன். கடையைக் கட்டும்போதுதான் தெரிந்தது, தீப்பிடித்த அன்று அவர் பிள்ளைகள் பின்னறையில் தூங்கிக்கொண்டிருந்தார்கள்; கடைசி நேரத்தில்தான் தப்பினார்கள்.

அதன் பிறகு எத்தனையோ ஊரில் கடை வாசலில் படுத்திருக்கிறேன். பீடியைத் தண்ணீரில் நனைக்காமல் கண்ணை மூடியதில்லை.