ஜெர்மனி ஸ்தனிஸ்லாஸ்

திண்டுக்கல்லில் இறங்கி ஸ்தனிஸ்லாஸ் வீடு எது என்று கேட்டால் வண்டிக்காரர் முழிப்பார். ஜெர்மனி வீடு என்று சொன்னால் நேரே எங்கள் வாசலில் கொண்டுவந்து நிறுத்துவார். வீட்டுக்காரர் ஜெர்மனியில் படித்துவிட்டு வந்த பெரிய மனுஷர் என்று வெளியூர்க்காரர்கள் நினைத்துக்கொண்டு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வருவார்கள். என் கணவர் பம்பாயைக்கூடப் பார்த்ததில்லை. மதராஸ் வரைக்கும் போய்த் திரும்பியவர்.

திருச்சியில் பி.காம். முடித்த கையோடு அவருக்கு அந்த ஆசை வந்தது. அவருடைய சித்தப்பா ராயப்பராஜ் பேகம்பூர் பக்கத்தில் தோல் ஷாப்பு வைத்திருந்தார். ஆவாரம்பட்டைத் தண்ணீரில் ஊறிப் பதமான தோல் அங்கிருந்து மதராஸ் போய்க் கப்பல் ஏறும். அதற்கு என்ன விலை என்பதை ஹாம்பர்க்கிலும் லண்டனிலும் யாரோ உட்கார்ந்து முடிவு செய்வார்கள். தோல் நம்முடையது, விலை அவனுடையது, இந்தச் சூட்சுமத்தை அவன் ஊருக்கே போய்ப் படித்துவிட்டு வந்தால் என்ன என்று இவர் கேட்டார். நல்ல கேள்விதான். அந்தக் கேள்வியைக் கேட்ட ஸ்தனிஸ்லாஸை எனக்கு இன்றைக்கும் பிடிக்கும்.

எந்த நாட்டில் வியாபாரப் படிப்பு மலிவு என்று இரண்டு வருஷம் தேடினார். தூதரகங்களுக்கு எழுதினார், விடுமுறைக்குச் சொந்த நாடு போய்வரும் வெள்ளைக்காரச் சாமியார்களைப் பிடித்துப் பிடித்து விசாரித்தார். லண்டனில் படிப்பது ஜமீன்தார் வீட்டுக் கல்யாணம், நமக்குக் கட்டாது. பிரான்சில் படிப்புக்குக் கட்டுகிற சம்பளம் குறைவு, ஆனால் பாரிஸில் தங்க இடம் கிடைக்காது. இத்தாலி மலிவு, படித்து வந்தால் இங்கே மதிக்கமாட்டார்கள். பெல்ஜியத்தில் சாமியார்கள் உதவுவார்கள், ஆனால் அது சாமியார்களின் சொந்தக்காரர்களுக்கு. மேற்கு ஜெர்மனிதான் தோது. படிப்புக்குச் சம்பளம் சொற்பம், மாணவர்களுக்கென்று மலிவுச் சாப்பாட்டுக்கூடம் உண்டு, விடுமுறையில் தொழிற்சாலையில் வேலை தருவான். உருளைக்கிழங்கையும் ரொட்டியையும் தின்று காலம் தள்ளத் தெரிந்தால் போதும். இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்றால், பெண் பார்க்க வந்த அன்று எங்கள் வீட்டில் காபி ஆறுகிற வரைக்கும் இதைத்தான் பேசிக்கொண்டிருந்தார். அகரத்தில் வாத்தியாராக இருந்த என் அப்பா வாயைப் பிளந்து கேட்டார். நானும் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். அப்போது நான் ஆசிரியப் பயிற்சி முடித்திருந்தேன், எனக்கும் அசட்டுத்தனம் குறைவில்லை.

ஐம்பத்தெட்டாம் வருஷம் எல்லாம் கூடி வந்தது. ஒரு ஜெர்மன் கல்லூரி இடம் தருவதாக எழுதிவிட்டது. அதற்காகவே ஒரு வெள்ளைக்காரச் சாமியாரிடம் ஜெர்மன் பாஷையும் படித்து வைத்திருந்தார். ஏப்ரலில் வகுப்பு, மார்ச்சில் கப்பல். ஒன்றே ஒன்றுதான் பாக்கி. இந்தியப் பணத்தை ஜெர்மன் பணமாக மாற்றிக்கொள்ள சர்க்கார் அனுமதி தர வேண்டும். அது மதராஸ் ஆபீஸில் நகர்ந்துகொண்டிருந்தது.

அந்த வருஷம் விபூதிப் புதன் பிப்ரவரியிலேயே வந்து தொலைத்தது. அதற்கப்புறம் பாஸ்கு, அதாவது ஈஸ்டர் வரைக்கும் தபசு காலம். எங்கள் சனம் தபசு காலத்தில் கறி தின்னாது, மேளம் கொட்டாது, நிச்சயமோ விருந்தோ வைக்காது. அனுமதி வந்தபிறகு வழியனுப்பலாம் என்றால் அது தபசுக்குள்தான் வரும். குடும்பத்திலேயே முதன்முதலாகச் சீமைக்குப் போகிறவனை வெறும் கஞ்சி ஊற்றியா அனுப்புவது? ராயப்பராஜ் மாமா முடிவு சொல்லிவிட்டார். அனுமதி எங்கே ஓடிவிடப் போகிறது, விருந்தை முன்னாலேயே முடித்துவிடுவோம் என்றார். விபூதிப் புதனுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை கோவிலில் நன்றிப் பூசை, பிறகு ஆட்டுக்கறி விருந்து, அதே பந்தலில் எனக்கும் அவருக்கும் நிச்சயம். சாயங்காலம் பாண்டு வாத்தியத்தோடு ரயிலடிக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். மாலையின் கனத்தில் அவர் கழுத்தே தெரியவில்லை. கோட்டு தைத்துப் போட்டிருந்தார். பிப்ரவரி வெயிலில் வேர்த்துக் கொட்டியது.

மதராஸில் அனுமதி கிடைக்கவில்லை. நாட்டில் செலாவணி நெருக்கடி, இன்ஜினியரிங் என்றால் பார்க்கலாம், வியாபாரப் படிப்புக்கெல்லாம் இப்போது இல்லை என்று சொல்லிவிட்டார்கள். அவர்கள் மேல் குற்றமில்லை, நெருக்கடி உண்மைதான். கப்பல் போய்விட்டது. சாதாரணமாகத் தபாலுக்குக் காத்திருந்த ஒரு பையன் என்றால் அன்று ராத்திரியே ரயிலேறி வீட்டுக்கு வந்து, ரசஞ்சோறு தின்றுவிட்டு, அடுத்த வருஷம் வேறு வழி பார்த்திருப்பான். இவர்தான் மாலை போட்டு அனுப்பப்பட்டவராயிற்றே, எந்த முகத்தோடு வருவார்? பாஸ்கு கழிந்து, வெயில் காலமும் கழிகிற வரைக்கும் சிந்தாதிரிப்பேட்டையில் தூரத்துச் சொந்தக்காரர் ஒருவர் வீட்டு மாடியில் கிடந்தார். திண்டுக்கல்லில் அவர் ஜெர்மனியில் இருப்பதாகவே பேச்சு. அங்கே பனி பெய்கிறதா என்று என் மாமியாரிடம் கேட்பார்களாம். அவரும் பெய்கிறது என்றே சொல்லிக்கொண்டிருந்தார், பாவம்.

ஜூன் மாதம் ராயப்பராஜ் மாமாவே போய் அழைத்துவந்தார். ஊருக்குள் தலைகாட்ட வேண்டாம், ஷாப்பிலேயே இருந்துகொண்டு இங்கிலீஷ் கடிதங்களை எழுது, நாத்தம் பிடிக்கிற இடத்துக்கு எவனும் உன்னைத் தேடி வரமாட்டான் என்றாராம். என் கணவருக்கு அது தெய்வம் நேரில் வந்து சொன்ன மாதிரி இருந்தது. சம்பளம் என்னவென்றுகூடக் கேட்கவில்லை. விஷயம் வெளியே தெரிந்த அன்றைக்கே ஊர் அவருக்கு ஜெர்மனி என்று பெயர் வைத்துவிட்டது. என் அப்பா நிச்சயத்தை முறித்துவிடலாம் என்றார். ஊரே சிரிக்கிற மனுஷரை நானும் கைவிட்டால் அவர் என்ன ஆவார்? முடியாது என்று சொல்லிவிட்டுக் கட்டிக்கொண்டேன்.

பிறகு வெளிநாடு போக நினைக்கிற பையன்களெல்லாம் எங்கள் வீட்டுக்கு வர ஆரம்பித்தார்கள். செம்பட்டியிலிருந்துகூட வருவார்கள். எந்த நாட்டில் என்ன செலவு, எங்கே தங்கலாம், எந்த மாதம் எழுத வேண்டும் என்று இவர் விடிய விடியச் சொல்வார். நான் காபி போட்டுப் போட்டு ஓய்ந்தேன். அதில் சிலர் போயும் விட்டார்கள். அங்கிருந்து படம் போட்ட தபால் கார்டு அனுப்புவார்கள். இவர் அதைச் சுவரில் ஒட்டுவார்.

அறுபத்துமூன்றில் ஹாம்பர்க்கிலிருந்து தோல் வாங்குகிற கம்பெனிக்காரர் நேரில் வந்தார். ராயப்பராஜ் மாமா வீட்டில் விருந்து. சமையலுக்கு என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். பிரியாணியை நான்தான் பரிமாறினேன். மாமாவுக்கு இங்கிலீஷ் காதில் ஏறும், வாயில் வராது. என் கணவர் பக்கத்தில் உட்கார்ந்து மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். அவருடைய பேச்சைக் கேட்டு அந்த வெள்ளைக்காரருக்கு ஆச்சரியம். இடையிடையே இவர் ஜெர்மனிலும் இரண்டொரு வார்த்தை சொன்னார். மனுஷர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

அந்த வெள்ளைக்காரர் சொன்னது எனக்கு நன்றாகப் புரிந்தது, நானும் பள்ளிக்கூட வாத்தியாரம்மாதானே. ஐம்பத்தெட்டில், கோடைக்கு முன்னால், இந்தியாவிலிருந்து ஒரு ஆளை அனுப்புங்கள் என்று உங்கள் முதலாளியைக் கேட்டிருந்தோம். பகலில் எங்கள் ஆபீஸில் வேலை, மாலையில் வியாபாரக் கல்லூரி, தங்க இடமும் சாப்பாடும் எங்கள் பொறுப்பு, இங்கிருந்து ஒரு பைசா வர வேண்டாம் என்றோம். தகுதியான ஆள் இல்லை என்று பதில் வந்தது. நீங்கள் அப்போது எங்கே இருந்தீர்கள் என்று இவரைக் கேட்டார்.

என் கையில் கரண்டி இருந்தது. இந்தியப் பணம் வேண்டாம் என்றால் செலாவணி அனுமதி என்ற பேச்சே இல்லை. இவர் சிந்தாதிரிப்பேட்டை மாடியில் செத்துக்கொண்டிருந்த அதே நாட்களில் ராயப்பராஜ் மாமா ஆள் இல்லை என்று சொல்லியிருக்கிறார். சொல்லிவிட்டு, அந்த ஆளையே கூட்டிவந்து சல்லிசாகக் கடிதமெழுத வைத்துக்கொண்டார். மாமா எலும்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவருக்குப் புரிந்துவிட்டது என்று காது சிவந்ததிலேயே தெரிந்தது. பிறகு நிமிர்ந்து, இப்பவும் அந்த இடம் இருக்கான்னு கேளு, நம்ம இன்னாசிமுத்துவை அனுப்பலாம் என்றார். இன்னாசிமுத்து அவருடைய மகன், பி.யூ.சி.யில் இரண்டு தடவை கோட்டை விட்டவன்.

என் கணவர் கேட்டார். கேட்டதோடு விட்டாரா, தம்பி கெட்டிக்காரன், சீக்கிரம் கற்றுக்கொள்வான் என்று இரண்டு வார்த்தை சேர்த்தும் சொன்னார். வெள்ளைக்காரர் இவரையே பார்த்துக்கொண்டு சரி என்றார்.

வீட்டுக்கு நடந்து வரும்போது என்னால் அடக்க முடியவில்லை.

"ஒங்க சின்னய்யா ஒங்க வாழ்க்கையத் தின்னுட்டு ஏப்பம் விட்டுருக்காரு. நாந்தான் அந்த ஆளுன்னு ஒரு வார்த்தை சொல்ல வாய் வரலையா?"



"எனக்கு அப்பவே தெரியும் செபஸ்தி" என்றார்.

ஷாப்பில் சேர்ந்த முதல் மாதமே தெரியுமாம். அந்த ஹாம்பர்க் கம்பெனிக்கு மதராஸ் பெரியமேட்டில் ஏஜெண்டாக இருந்த முகமது பாரூக், சரக்குப் பார்க்க வந்தவர் தனியாகக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். உன் சித்தப்பா அப்படி எழுதச் சொல்லிவிட்டார், ஆனால் இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது, நீயே நேராக எழுது, நானும் ஒரு வார்த்தை சொல்கிறேன் என்றிருக்கிறார். அந்த வருஷம் முழுக்க இடம் காலியாகவே இருந்ததாம்.

நான் நடுத்தெருவில் நின்றுவிட்டேன். ஏன் எழுதவில்லை என்று கேட்டேன்.

"எழுதி, மறுபடியும் போக முடியாமப் போயிருந்தா?" என்றார். "ஒரு தடவ திரும்பி வந்ததுக்கே ஒரு பேரு வச்சிட்டாக. ஷாப்புல நிம்மதியா இருந்துச்சு. என்னைய யாரும் ஒண்ணும் கேக்கல."

 ஐந்து வருஷமாக ஊரோடு சண்டை போட்டிருக்கிறேன். என் அப்பாவோடு பேச்சை விட்டேன். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை அடித்தாவது ஜெர்மனி என்ற சொல்லை நிறுத்தப் பார்த்தேன். இவருக்கு அநியாயம் நடந்துவிட்டது என்று நம்பித்தான் அத்தனையும் செய்தேன். இன்னாசிமுத்து போய்ச் சேர்ந்துவிட்டான். அவனுக்கு மூன்று மாதம் எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்காரவைத்து ஜெர்மன் சொல்லிக்கொடுத்தது இவர்தான். ராயப்பராஜ் மாமாவை இப்போது கோவிலில் பார்த்தால் நான் ஸ்தோத்திரம் சொல்கிறேன். அவர் மேல் எனக்கு இருந்த கோபம் போய்விட்டது. அதை இப்போது வீட்டில் வைத்துக்கொண்டு, மூன்று வேளையும் அதற்குச் சோறு போட்டுக்கொண்டிருக்கிறேன்.