இரண்டாவது கிளிப்

முறைப்படி அவரைச் சித்தி என்று கூப்பிடும் உரிமை உள்ளவர் ஒருவர்கூட அந்த அலுவலகத்தில் இல்லை. வேறு எப்படியும் கூப்பிடுகிறவரும் இல்லை. நாற்பத்தாறு வயது, கழுத்துச் சங்கிலியில் தொங்கும் மூக்குக்கண்ணாடி, கைப்பையில் எப்போதும் ஒரு ஸ்க்ரூடிரைவர். சம்பளப் பட்டியலில் அவர் டெஸ்டர். பிறர் எழுதும் மென்பொருளில் குறை கண்டுபிடித்துச் சம்பளம் வாங்குகிறவருக்கு மனிதர்களிடம் மட்டும் குறை காணத் தெரியாது.

அந்த ஐந்து பேர் குழு ஒரு கண் மருத்துவமனைக்காக வேலை செய்தது. டோக்கன் எண், டாக்டரின் அறை, ‘நாளை வாருங்கள்’ என்று நோயாளிக்குப் போகும் செய்தி எல்லாம் அவர்கள் பொறுப்பு. நாலாவது மாடி, ஜன்னலோரம் ஐந்து மேசைகள். புரோகிராம் எழுதும் இளைஞனுக்குப் புயல் என்று பெயர். வேகமாக எழுதுவான், அதே வேகத்தில் உடைப்பான். எதிர் மேசையில் நிதானம். ஒரு வரி எழுத ஒரு டீ குடிப்பவர். திரைகளை வரைகிற பெண் பென்சில். டீம் லீடரும் உண்டு, பிரிண்டருக்கு மை மாற்றுவது அவர்தான். சித்தியோ டெஸ்டிங் போக, மருத்துவமனை நர்ஸுகளோடு போனில் பேசுவார், பென்சிலின் திரையில் எழுத்து பொடிசு என்பார், புயலின் நாற்காலிக்கு ஸ்க்ரூ முடுக்குவார்.

வீட்டில் நேர் எதிர். கணவர் தையல்காரர். துணி துவைத்துக் காயப்போடுவது அவர் இலாகா. அதில் இன்னொருவர் மூக்கை நுழைக்க முடியாது. சித்தி ஒரு சட்டையை உதறிப் போட்டால், எடுத்து மறுபடி உதறிப் போடுவார்.

இப்படி இருக்கையில் தலைமை அலுவலகத்திலிருந்து ஒரு மேலாளர் வந்தார். வந்த அன்றே அவருக்கு அளவுகோல் என்று பெயர் விழுந்தது. கையில் ஒரு படிவம்; ஆளுக்கு ஒரு கட்டம், கட்டத்துக்கு ஒரு பொறுப்பு.

“அஞ்சு பேர் நாலு பேரா ஆகணும். மாசக் கடைசியில ஒருத்தர் பக்கத்துக் கட்டடத்துக்குப் போகணும்” என்றார்.

பக்கத்துக் கட்டடத்து வேலை எல்லோருக்கும் தெரியும். தனி அறை, ஏசி, யாரோ அனுப்பும் பட்டியலில் டிக் அடித்துவிட்டு வீட்டுக்குப் போகலாம். நாள் முழுக்க ஒருவரோடும் பேச வேண்டியதில்லை. சித்திக்கு அதைவிடப் பெரிய தண்டனை வேறில்லை.

அந்த வாரம் பார்த்தா அது நடக்க வேண்டும்? மருத்துவமனையிலிருந்து ஒரு பெரியவரின் அழைப்பைத் திருப்பிவிட்டார்கள்.

“ஏம்மா, நாளைக்கு வாங்கன்னு மூணு மெசேஜ் வந்திருக்கு. எனக்குக் கண்ணு ரெண்டுதான்.”

விஷயம் இதுதான். சிலருக்குச் செய்தி போகவில்லை என்று முந்தின வாரம் ஒரு புகார் வந்திருந்தது. மற்றவர்களுக்கு ஏன் தொந்தரவு என்று புயல் ஓர் இடத்தில் சரிசெய்தான். அதே நல்லெண்ணத்தில் நிதானம் வேறோர் இடத்திலும், பென்சில் மூன்றாவது இடத்திலும் சரிசெய்தார்கள். மூவரும் தனித்தனியாகச் சித்தியிடம் வந்து, “சின்ன உதவிதான் சித்தி, யார்கிட்டயும் சொல்லிக்காதீங்க” என்றார்கள். சித்தி மூன்றையும் தனித்தனியாகப் பார்த்தார். தனித்தனியாக மூன்றும் சரியாகவே இருந்தன. கொடுத்த வாக்குப்படி யாரிடமும் சொல்லவில்லை.

“இந்த மெசேஜ் யார் பொறுப்பு?” என்றார் அளவுகோல்.

“நான்தான் சார்” என்றான் புயல்.

“அவன் சும்மா சொல்றான், நான்” என்றார் நிதானம். பென்சில் கையைத் தூக்கினாள்.

“என் பேரைப் போட்டுக்கங்க” என்றார் டீம் லீடர்.

“ஒரு கட்டத்துல நாலு பேரை எப்படிங்க எழுதறது?”

“சார் கேக்கறது நியாயம்தான்” என்று சித்தி சொன்னதும் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். “உதவி பண்ணது தப்பில்ல. திருட்டுத்தனமா உதவி பண்ணோம் பாருங்க, அதான் தப்பு. நானும் கூட்டுக் களவாணி.”

மறுநாள் சித்தி ஒரு பை நிறையத் துணி கிளிப்புகளோடு வந்தார், ஐந்து நிறத்தில். ஜன்னலோரம் ஒரு கயிறு கட்டி, ஒவ்வொரு வேலையையும் ஓர் அட்டையில் எழுதித் தொங்கவிட்டார். வேலையை எடுக்கிறவர் தன் கிளிப்பை மாட்ட வேண்டும். உதவப் போகிறவர் பக்கத்தில் தன் கிளிப்பை மாட்ட வேண்டும். கிளிப் மாட்டாத உதவி செல்லாது. சித்திக்கு மஞ்சள்.

அன்று மாலை வீட்டில், “கொடியில ஒரு கிளிப்பு இல்ல, காத்துல என் வேட்டி எதிர்வீட்டு மாடிக்குக் குடி போயிடுச்சு” என்றார் கணவர்.

இரண்டு வாரம் வண்டி நன்றாக ஓடியது. யாருக்கும் இரண்டாவது செய்திகூடப் போகவில்லை. பிறகு அளவுகோல் கயிற்றடியில் நின்று முதல் கிளிப்புகளை எண்ணினார். புயலுக்கு ஒன்பது. நிதானத்துக்கு நாலு. பென்சிலுக்கு ஆறு. டீம் லீடருக்கு மூன்று. மஞ்சள் எல்லா அட்டையிலும் இருந்தது, எல்லாவற்றிலும் இரண்டாவதாக.

“உங்க சொந்த வேலைன்னு ஒண்ணுகூட இல்லையேம்மா.”

சித்தி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு தானும் ஒருமுறை எண்ணிப் பார்த்தார். எத்தனையோ கணக்கில் பிழை பிடித்தவருக்கு இதில் ஒன்றும் அகப்படவில்லை.

“கணக்கு சரிதான் சார்.”

“அப்ப சித்தியோட என்னையும் அனுப்புங்க” என்றான் புயல்.

“உங்களுக்குத்தான் ஒன்பது இருக்கே” என்றார் அளவுகோல், நிஜமாகவே குழம்பி.

திங்கட்கிழமை ஒரு நாள் சோதனை ஓட்டம் என்று முடிவாயிற்று. சித்தி மஞ்சள் கிளிப்புகளைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு பக்கத்துக் கட்டடத்துக்குப் போனார். பதினொரு மணிக்குள் பட்டியல் முழுவதும் டிக் அடித்தாகிவிட்டது. பிறகு அந்த அறை நாற்காலியின் ஸ்க்ரூவை முடுக்கினார். அதில் உட்கார வேறு யாரும் இல்லை.

நாலாவது மாடியில் பத்து மணிக்கே போன் அடித்தது. அளவுகோல் எடுத்தார்.

“சித்தி இல்லையா? நீங்க யாரு?” என்றார் தலைமை நர்ஸ். “டோக்கன் இருபத்தேழுலயே நிக்குது. இருபத்தெட்டு என்னைத் திட்டறாரு.”

புயலுக்குச் சரிசெய்யத் தெரியும். எந்த அறை என்று தெரியாது. நர்ஸுக்கு அறை தெரியும். புயல் பேசும் பாஷை புரியாது. அளவுகோல் நடுவில் நின்று அதை இதுவாகவும் இதை அதுவாகவும் மாற்றிச் சொன்னார். அது முடிவதற்குள் நிதானம், தான் எழுதியதை ஒருமுறை படித்துப் பார்க்கச் சொன்னார். பென்சில், இந்த எழுத்து பெரியவர்களுக்குத் தெரியுமா என்று கேட்டாள். ஒவ்வொரு முறையும் புயல் கயிற்றைக் காட்டினான்.

“சார், கிளிப்பு.”

அவருக்கென்று கிளிப் இல்லை. அடையாள அட்டையின் கிளிப்பைக் கழற்றி மாட்டினார். பிறகு டீம் லீடரிடம் காகிதக் கிளிப்புகள் கடன் வாங்கினார். ஐந்து மணிக்குக் கயிற்றடியில் நின்று எண்ணினார். ஏழு அட்டை, ஏழிலும் இரண்டாவது. காலையில் நிரப்ப வேண்டிய படிவம் அப்படியே கிடந்தது. அவருடைய சொந்தக் கணக்குப்படி, அன்றைக்கு அவர் ஒரு வேலையும் செய்யவில்லை. ஆனால் முதுகு விண்விண்ணென்று தெறித்தது.

பக்கத்துக் கட்டடத்துக்குத் தானே நடந்து போனார்.

“நாளைக்கு அங்கயே வந்துடுங்க” என்றார்.

“கணக்கு சரிதானே சார்?”

“கணக்கு சரி. எண்ணினதுதான் தப்பு.”

படிவத்தில் சித்தியின் கட்டத்தில் ‘இரண்டாவது கிளிப்’ என்று எழுதினார். அடியில், இந்தக் குழுவுக்கு ஐந்து பேர் வேண்டும் என்று கையெழுத்துப் போட்டார். தலைமை அலுவலகம் சம்மதித்தது. அந்தப் பதவிக்கு என்ன படித்திருக்க வேண்டும் என்று மட்டும் திருப்பிக் கேட்டிருந்தது.

பதில் வந்த அன்று சித்தி புதிதாக ஒரு டஜன் கிளிப்புகளோடு வீட்டுக்குப் போனார். மொட்டைமாடியில் கணவர் ஈரப் படுக்கை விரிப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். ஒரு முனை கொடியில், மறுமுனை தரையில்.

“இது என் வேலை” என்றார், திரும்பாமலே.

“உங்க வேலைதான், யாரு இல்லன்னா?” என்று சித்தி மறுமுனையைத் தூக்கிப் பிடித்தார்.

கணவர் முதல் கிளிப்பை மாட்டினார். அடுத்ததற்குச் சித்தியிடம் கையை நீட்டினார்.