ஆண்கள் வரிசையில் நின்ற குரல்

முந்திரிக்கொட்டை வறுக்கும் புகைக்கு ஒரு காரம் உண்டு. கண்ணில் நீரை வரவழைத்துவிட்டு நேராகத் தொண்டையில் போய் உட்கார்ந்துகொள்ளும். கந்தர்வக்கோட்டையிலிருந்து எங்கள் ஊருக்கு வரும் சாலையோரமெங்கும் அந்தப் புகைதான் என்பதால், எனக்குச் சிறுவயதிலேயே வாய்த்துவிட்ட கனத்த குரலுக்கு ஊரார் அதையே காரணமாகச் சொன்னார்கள். "கட்டத் தொண்டை" என்று எனக்குப் பெயர். அம்மா பனங்கற்கண்டையும் மிளகையும் இடித்து வாயில் போட்டு, கரையும்வரை பேசக் கூடாது என்பாள். எவ்வளவு மிளகு தின்றும் குரல் மெலியவில்லை, மூக்குதான் ஒழுகியது.

எங்கள் தேவாலயத்தில் பெண்கள் வலப்பக்கம், ஆண்கள் இடப்பக்கம். பாட்டுக்குழுவான "கொயர்" நிற்பதும் அப்படித்தான். பெண் என்றால் மேல் குரல், ஆண் என்றால் கீழ் குரல். நடுவில் ஒன்று இருக்கக்கூடும் என்று யாருக்கும் தோன்றியதில்லை. எனக்கோ பாட்டென்றால் உயிர். கிறிஸ்துமஸுக்குப் பாடப் பெயர் கொடுத்தேன். ஆனால் ஒத்திகையில் மேலே போகவேண்டிய இடம் வந்ததும் என் குரல் கிழிந்துபோனது, பிள்ளைகள் சிரித்தார்கள். குழுவை நடத்திய எஸ்தர் டீச்சர் நல்ல மனுஷி. என்னை விரட்ட மனம் வராமல் ஆர்மோனியத்தை நிறுத்திவிட்டு யோசித்தார்.

"நீ அங்கிட்டுப் போயி நில்லு புள்ள. ஒனக்கு அதான் சரியா வரும்."

அங்கிட்டு என்றால் ஆண்கள் வரிசை. போய் நின்று பாடினேன். முதல்முறையாக என் குரல் எங்கேயும் முட்டாமல் முழுசாக வெளியே வந்தது. இவ்வளவு குரலும் எனக்குள்ளா இருந்தது என்று திகைத்துப்போனேன். வெட்கம்கூட மறந்துவிட்டது.

கிறிஸ்துமஸ் ஆராதனையில், பட்டுப்பாவாடையோடு ஆண்களுக்கு நடுவில் நான் நின்றதைப் பார்த்துச் சபையே திரும்பியது. பாட்டின் இரண்டாம் சரணத்தில் அம்மா தன் இடத்திலிருந்து எழுந்தாள். எப்போதும் முக்காட்டுக்குள் தலைகுனிந்து, சத்தமே எழாமல் உதட்டை மட்டும் அசைக்கிறவள், பாட்டு நடந்துகொண்டிருக்கும்போதே நடுவழியாக வந்து என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வெளியே போனாள். எனக்கு அழுகைகூட வரவில்லை. வீட்டு வாசலில் ஒன்றே ஒன்று சொன்னாள்: "ஒனக்குப் பாட்டு வேணாம்." ஏன் என்று கேட்கும் துணிச்சல் எனக்கு அன்றும் இல்லை, பிறகும் வரவில்லை.

போன கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போயிருந்தபோது, என் மகள் செல்பேசியில் ஏதோ ஒரு நாட்டுப் பெண்ணின் பாட்டை ஓடவிட்டாள். அடுப்படியில் நின்ற நான் கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன். அது என் குரல். ஆண்கள் வரிசையில் நின்று நான் பாடிய அதே குரல், ஒரு பெரிய அரங்கத்தின் நடுவில், தலைநிமிர்ந்து நின்று பாடிக்கொண்டிருந்தது. அதற்கு "மெஸ்ஸோ சொப்ரானோ" என்று பெயராம். பெண்குரலில் உச்சத்துக்கும் அடிக்கும் இடைப்பட்டதாம். மகள் சாதாரணமாகப் படித்துச் சொன்னாள். அதற்கு ஒரு பெயர் இருக்கிறது, நோய் இல்லை என்பதையே தாங்க முடியாமல் நின்றிருந்தபோது, எனக்குப் பின்னால் இன்னொரு குரல் அந்தப் பாட்டை அதே கனத்தில் பிடித்து முனகியது. திரும்பினேன். அம்மா.

"நிறுத்தாத, ஓடட்டும்" என்றாள். பாட்டு முடியும்வரை எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. "எனக்கும் இந்தத் தொண்டதான். கல்யாணமாகி வந்த புதுசுல கோயில்ல வாயத் தொறந்தேன். பின்னால ஆம்பள யாரு பாடுறதுன்னு கேட்டுச் சிரிச்சாக. அதுலேருந்து வாய மட்டும் அசைச்சுக்கிட்டு இருக்கேன். ஒன்னையும் பாத்துச் சிரிக்க விடுவேனா?"

என் பாட்டைப் பறித்தவள் என்று இத்தனை காலமும் நான் மனதுக்குள் திட்டிவந்தது இவளையா?

மறுநாள் மூவரும் ஆராதனைக்குப் போனோம். எஸ்தர் டீச்சர் இல்லை, ஆர்மோனியம் இல்லை. இரண்டு வரிசைகளும் போய், ஆணும் பெண்ணும் கலந்து உட்கார்ந்திருந்தார்கள். பெட்டி பெட்டியாக ஒலிபெருக்கிகள். இனி இங்கிட்டு, அங்கிட்டு என்று யாரையும் அனுப்ப முடியாது. பாட்டு தொடங்கியதும் நான் அம்மாவின் உதடுகளையே பார்த்தேன். அசைந்தன, சத்தம் வரவில்லை.

அப்போது மகள் என் தோளைத் தொட்டு, காதோரம் மெல்லக் கேட்டாள்.

"அம்மா, நீயும் வாய மட்டுந்தான் அசைக்கிறியா?"