பொட்டு வைக்காத பெட்டி

1999 அக்டோபர் 18, திங்கட்கிழமை. ஆயுத பூஜை. ஐந்தரைக்கு எழுந்தேன். எங்கள் வீதிக்குச் சிறுவாணித் தண்ணீர் வரும் முறை அன்று இருந்ததால் தொட்டியை நிரப்பிவிட்டு, ஸ்கூட்டரைத் துடைத்துச் சந்தனம் வைத்தேன். காலையில் இரண்டு இட்லி குறைத்தே சாப்பிட்டேன். பூஜை நாளில் பொரியும் சுண்டலும் மதியம் வரை விடாது. எட்டரைக்குப் பீளமேட்டில் எங்கள் மோட்டார் பம்பு கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்தேன். அங்கே நான் அலுவலக மேனேஜர். விடுமுறைதான் என்றாலும் பதினொரு மணிப் பூஜைக்கு எல்லோரும் வந்துவிடுவது வழக்கம்.

அந்த ஆண்டு அலுவலகத்தின் தோற்றமே வேறாக இருந்தது. அதற்கு நான்தான் காரணம். மூன்று மாதங்களுக்கு முன் அங்கிருந்த பதினான்கு கம்ப்யூட்டர்களையும் எடுத்துவிட்டோம். பக்கத்தில் இரும்பு வார்க்கும் ஃபவுண்டரியின் தூசி உள்ளே போய், மாதம் ஒன்றாவது படுத்துக்கொள்ளும். அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். ஒரே பம்புக்கு மூன்று கம்ப்யூட்டரில் மூன்று விலை இருந்தது. கோபிச்செட்டிபாளையத்து டீலருக்கு ஒரு விலை சொன்னோம், சென்னிமலைக்காரருக்கு இன்னொன்று. இருவரும் ஒரு கல்யாணப் பந்தியில் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்துவிட்டார்கள். பாயசம் வருவதற்குள் எங்கள் மானம் போய்விட்டது.

அதன் பிறகுதான் முதலாளியிடம் பேசினேன். கண்ணாடி அறையில் ஏ.சி. போட்டு ஒரே ஒரு சர்வர். மேசைக்கு மேசை ஒரு திரை, ஒரு கீபோர்டு, டிபன் டப்பா அளவில் ஒரு பெட்டி. அந்தப் பெட்டிக்குள் எதுவும் தங்காது. வேலை எல்லாம் சர்வரில் நடக்கும், அதன் படம் மட்டும் நம் திரைக்கு வரும். "எந்த மேசையில உக்காந்தாலும் உங்க வேலை உங்களுக்கு வந்துருமுங்க" என்று எல்லோரையும் கூட்டிவைத்துச் சொன்னேன்.

"விஜயதசமி வரைக்கும் ஓட்டிப் பாப்பமுங்க. சரிப்படலீன்னா பழசையே எடுத்து வெச்சுக்கலாம்" என்றார் முதலாளி. அதனால் பழைய கம்ப்யூட்டர்களை விற்காமல் குடோனில் அடுக்கி வைத்திருந்தோம்.

நம்பாதவர்களில் முதல் ஆள், விற்பனைப் பிரிவில் டைப் செய்யும் அம்மணி. விரல்களில் அத்தனை வேகம் எங்கள் அலுவலகத்தில் வேறு யாருக்கும் இல்லை. வாயிலும் இல்லை. "எம்பட மிஷினு எம்பட மேசையில இருந்துச்சுங்க சார். இப்ப எம்பட வேலை அந்தக் கண்ணாடி ரூமுக்குள்ள யாரு மடியில கெடக்குதுன்னே தெரியலீங்க" என்பார்.

விஜயதசமிக் காலையில் புது விலைப்பட்டியல் வெளியிடுவது எங்கள் கம்பெனியின் வழக்கம். டீலர்கள் நேரில் வந்து, வெற்றிலை பாக்கோடு அதை வாங்கிக்கொண்டு போவார்கள். பட்டியலை டைப் செய்வது அம்மணியின் பொறுப்பு. அன்று காலை ஏழு மணிக்கே வந்து, பாக்கியிருந்த நீர்மூழ்கி பம்புகளின் பக்கங்களை அடித்துக்கொண்டிருந்தார். பத்தரைக்கு, பூத்தட்டு எடுத்து வைக்கக் கை கழுவப் போனார்.

அந்த நேரத்தில் எங்கள் எலக்ட்ரீசியன் மேசை மேசையாக வந்துகொண்டிருந்தார். பிளக்கைப் பிடுங்குவது, ஈரத்துணியால் துடைப்பது, சந்தனம், குங்குமம், ஒரு துண்டு கதம்பம், அடுத்த மேசை. அம்மணியின் திரை தானாகவே அணைந்து கறுப்பாக இருந்தது. அவர் அதையும் பிடுங்கிப் பொட்டு வைத்துவிட்டு நகர்ந்தார்.

திரும்பி வந்த அம்மணி மேசை முன் அப்படியே நின்றார்.

"ஏனுங்கண்ணா, யாரு இதைப் புடுங்குனது?"

"நாந்தான் அம்மணி. கறுப்பா இருந்துச்சு. தூங்குதுன்னு நெனச்சேன்."

"தூங்கறதை எழுப்போணும். கழுத்தைத் திருகிப்போடுவீங்களா? காத்தால இருந்து அடிச்சது பூராவும் அதுல இருக்குது. இன்னும் சேவ் கூடப் பண்ணலீங்க!"

"பாதி வேலையில எந்திரிச்சுப் போனா அப்பிடித்தான்."

"கை கழுவப் போறதுக்கு உங்ககிட்ட லீவு லெட்டரு குடுக்கோணுமாக்கும்!"

பிறகு என் பக்கம் திரும்பினார். குரல் தணிந்திருந்தது. "சார், நாளைக்குக் காத்தால டீலருங்க வந்து நிப்பாங்க. அய்யாகிட்ட நீங்களே சொல்லிப்போடுங்க."

பட்டியல் இல்லாமல் டீலர்கள் வெறுங்கையோடு திரும்பினால், குடோனில் இருக்கும் பதினான்கும் மறுநாளே மேசை ஏறிவிடும். பிளக்கைச் செருகிப் பார்க்கலாம் என்று கையை நீட்டினேன். எலக்ட்ரீசியன் தடுத்தார்.

"சந்தனம் வெச்சாச்சுங்க சார்."

அது எனக்கும் தெரியும். பொட்டு வைத்த கருவியை மறுநாள் காலை வரை தொடுவதில்லை. அதற்குள் ஷெட்டில் மணி அடித்தார்கள். எல்லோரும் பூஜைக்குப் போனோம். லேத்து, கிரைண்டர், டெலிவரி வேன் என்று எல்லாவற்றுக்கும் கற்பூரம் காட்டினார்கள். நான் கும்பிட்டேனே தவிர, மனம் நீர்மூழ்கி பம்பில் இருந்தது.

ஆரத்தி முடிந்ததும் எலக்ட்ரீசியன் மெயின் சுவிட்சை இறக்குவார். மறுநாள் வரை கம்பெனி முழுவதும் ஓய்வு. சர்வரை மட்டும் அப்படி வெட்டென்று நிறுத்தக்கூடாது, முறையாக மூடிய பிறகே மின்சாரத்தை எடுக்க வேண்டும் என்று முன்பே சொல்லி, முதலாளியிடம் ஒப்புதல் வாங்கியிருந்தேன். கண்ணாடி அறைக்குப் போய் மூடப் பார்த்தபோது, உள்ளே இன்னும் ஒருவர் வேலையில் இருப்பதாகச் சர்வர் காட்டியது. பார்த்தால், அம்மணியின் பெயர்.

ஒரு நிமிடம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. எலக்ட்ரீசியன் பிடுங்கியது மேசைமேல் இருந்த டப்பாவின் உயிரை மட்டும். வேலை நடந்த இடம் இது. இங்கே யாரும் எதையும் பிடுங்கவில்லை. வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு வெளியே ஓடினேன்.

"அம்மணி, உங்க பட்டியல் போகலை. உள்ளதான் இருக்குது."

"பாத்தீங்களா சார்?"

"உங்க பேரு இருக்குது."

"எம்பேரை வெச்சு டீலருக்கு என்னத்தைக் குடுக்கறதுங்க?"

திறந்து பார்த்துச் சேவ் செய்தால்தான் பட்டியல் பிழைக்கும். சர்வரின் திரையில் பெயர்கள்தான் தெரியும், ஒருவரின் வேலையைத் திறக்க ஒரு பெட்டியும் தனித் திரையும் வேண்டும். எல்லா மேசைகளிலும் பொட்டு வைத்தாகிவிட்டது. முதலாளி பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"பூசைக்கு வெச்சதைத் தொட வேண்டாமுங்க மேனேஜர். எங்கப்பாரு காலத்துல இருந்து இருக்கற வழக்கம்" என்றார் மெதுவாக.

"பன்னண்டுக்குள்ள மெயினை எறக்கோணுமுங்க" என்றார் எலக்ட்ரீசியன்.

அம்மணி இடுப்பில் கை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "ஏனுங்க சார், எந்த மேசையில உக்காந்தாலும் வரும்னு அன்னைக்கு அத்தனை பேரையும் கூட்டி வெச்சுச் சொன்னீங்க. மேசையே இல்லாத எடத்துல வராதுங்களா?"

கேலியாகத்தான் கேட்டார். ஆனால் எனக்குப் பொறி தட்டியது. உபரியாக வாங்கிய பெட்டி ஒன்று ஸ்டோரில், பிரிக்காத அட்டைப்பெட்டிக்குள் இருந்தது. அதற்கு யாரும் பொட்டு வைத்திருக்க முடியாது. முதலாளியின் முகத்தைப் பார்த்தேன். அவர் யோசிப்பதற்குள் எலக்ட்ரீசியன் முந்திக்கொண்டார். "அது இன்னும் வேலைக்கே சேரலீங்கய்யா. அதுக்கு ஏது லீவு?"

முதலாளி சிரித்துவிட்டார். அதையே உத்தரவாக எடுத்துக்கொண்டோம்.

திரைக்கும் கீபோர்டுக்கும் குடோனுக்குப் போனோம். ஓய்வு பெற்ற சாமான்களுக்குப் பூஜை கிடையாது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அடுக்கின் முன்னால் இருந்த ஒரு பழைய கம்ப்யூட்டரின் நெற்றியில் மட்டும் சந்தனமும் குங்குமமும் பளிச்சென்று இருந்தன. அதன் திரைக்கும் கீபோர்டுக்கும்கூடக் குறையில்லை.

"இதுக்கு யாருங்க வெச்சது? நான் இந்தப் பக்கமே வரலியே" என்றார் எலக்ட்ரீசியன்.

அம்மணி கூரையில் ஓட்டைகளை எண்ணத் தொடங்கினார். "அதை உட்டுப்போட்டு அக்கட்ட இருக்கறதை எடுங்கண்ணா. பன்னண்டாகுதில்ல?"

கண்ணாடி அறைக்கு வெளியே ஒரு ஸ்டூலைப் போட்டு எல்லாவற்றையும் இணைத்தோம். அம்மணி தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார். பாஸ்வேர்டு அடிக்கும்போது முதலாளி, எலக்ட்ரீசியன், நான் மூவரும் மரியாதையாகச் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றோம்.

"அய்யோ!"

பதறித் திரும்பினேன். திரையில் விலைப்பட்டியல் இருந்தது. கடைசி வரியில் ஐந்து குதிரைத்திறன் பம்பு, விலையின் முதல் இரண்டு இலக்கங்கள், அதற்குப் பக்கத்தில் கர்சர் மினுக் மினுக் என்று அடித்துக்கொண்டிருந்தது.

"கை கழுவப் போறப்ப உட்ட எடத்துலயே நிக்குதுங்க சார்" என்றார் அம்மணி. தொட்டால் ஓடிவிடுமோ என்பது போல விரல்களை மடியிலேயே வைத்திருந்தார். "இந்தப் பொட்டியை நான் இதுக்கு முன்னால பாத்ததே இல்லீங்க. இதுக்கு எப்படி என்னையத் தெரியும்?"

"பொட்டிக்குத் தெரியாது அம்மணி. உள்ள இருக்கறதுக்குத்தான் தெரியும்" என்றேன். மூன்று மாதமாகச் சொல்லி ஏறாத சங்கதி. அன்று அவர் தலையை ஆட்டினார்.

மீதி நான்கு வரிகளையும் அடித்துவிடலாமே என்றேன். சரஸ்வதி பூஜை முடிந்த பிறகு எழுதக்கூடாது என்று மறுத்துவிட்டார். சேவ் செய்வது எழுதுவதில் சேருமா என்று எலக்ட்ரீசியன் ஒரு சந்தேகத்தைக் கிளப்பினார். "அது எடுத்து வெக்கறதுங்கண்ணா. எழுதறது இல்லை" என்று அம்மணி தீர்ப்புச் சொல்லி, இரண்டு முறை சேவ் செய்து வெளியேறினார். நான் சர்வரை மூடினேன். மெயின் இறங்கியபோது மணி பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம் இருந்தது. ஏ.சி. சத்தம் அடங்கியதும் எல்லோரும் பொரி தின்னும் சத்தம்தான் கேட்டது.

மறுநாள் எட்டு மணிக்கு மெயினை ஏற்றி, முதலில் சர்வரை எழுப்பினோம். வாசலில் டீலர்களின் வண்டிகள் நிற்க ஆரம்பித்திருந்தன. நான் என் இடத்தில் உட்கார்ந்து, காய்ந்த சந்தனம் பெட்டியிலிருந்து உதிர்வதைப் பார்த்தபடி அதன் சுவிட்சைப் போட்டேன். அம்மணி வேகமாக உள்ளே வந்தார். தன் மேசையைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் அதைத் தாண்டி, பிரிண்டருக்குப் பக்கத்தில் இருக்கும் என் மேசைக்கு வந்து நின்றார்.

"சித்தெ எந்திரிங்க சார். நாலே வரி. அடிச்சு இங்கயே பிரிண்டு எடுத்துக்கறேன்."

அன்று காலை அலுவலகத்தில் நான் செய்த முதல் வேலை, நாற்காலியை விட்டு எழுந்து நின்றதுதான்.