எனக்கு இரண்டு அத்தா தெரிந்த நாள்

இதை எழுதலாமா வேண்டாமா என்று எத்தனையோ வருஷம் யோசித்திருக்கிறேன். எழுதினால் அம்மா இன்றுவரை சொல்லி வருவதைப் பொய் என்று சொன்னதாகிவிடுமே என்ற பயம். என் நிய்யத்தை, மனசில் உள்ள நோக்கத்தை, அல்லாஹ் அறிவான்.

எனக்கு அப்போது ஒன்பது வயது. சீர்காழிப் பக்கம் எங்கள் ஊர். அப்பாவை நாங்கள் அத்தா என்போம்; அத்தா ஷார்ஜாவில் வேலையில் இருந்தார்கள். அவர்கள் கடைசியாக வந்து போன பிறகுதான் என் கண் விலகத் தொடங்கியது. எல்லா நேரமும் இல்லை. களைத்துப்போனாலோ தூரத்தில் எதையாவது பார்த்தாலோ ஒரு கண் மெதுவாக வெளிப்பக்கம் ஒதுங்கும், கூப்பிட்டால் திரும்பி வந்துவிடும். “ஒரு கண்ணு அடுப்படியில, ஒரு கண்ணு ஷார்ஜாவுல” என்பாள் சித்தி. அத்தாவுக்கு அனுப்பிய போட்டோ எல்லாவற்றிலும் கண் நேராகவே இருந்தது. போட்டோக்காரர் எதிரில் நான் அவ்வளவு ஒழுங்காக நிற்பேன்.

தஞ்சாவூர் ஆஸ்பத்திரியிலும் அப்படியே நின்றேன். டாக்டரம்மா ஏமாறவில்லை. ஒரு கண்ணை ஒரு மணி நேரம் மூடி ஒட்டிவைத்தார். நான் அதைத் தண்டனை என்று நினைத்து அழுதேன். பிறகு பிரித்துவிட்டு, ஜன்னலுக்கு வெளியே தூரத்துத் தண்ணீர்த் தொட்டியைப் பார்க்கச் சொன்னார். கண் விலகிவிட்டது.

அறுவை செய்ய இரண்டு வழி உண்டு என்றார். ஒரே கண்ணில் வெளிப்பக்கத் தசையைத் தளர்த்தி உள்பக்கத் தசையை இறுக்குவது ஒன்று. இரண்டு கண்ணிலும் வெளிப்பக்கத் தசையை மட்டும் கொஞ்சம் தளர்த்துவது இன்னொன்று. இரண்டுமே நல்ல வழிதான், எதில் செய்தாலும் பின்னால் மறுபடி விலகலாம். ஆனால் இவளுக்கு மாறி மாறி இரண்டு கண்ணும் விலகுகிறது, தூரத்தில்தான் அதிகம், அதனால் இரண்டிலும் செய்வதே என் விருப்பம் என்றார்.

அத்தா அம்மாவிடம் போனில் சொல்லியிருந்தது வேறு. “ஒரு கண்ணுல மட்டும் பண்ணச் சொல்லு புள்ள. ஏதாச்சும் ஆயிட்டா இன்னொண்ணாவது மிஞ்சும்.”

அம்மா ஊருக்கெல்லாம் ஜாக்கெட் தைப்பவர். சற்று நேரம் சேலை முந்தானையின் ஓரத்தை விரலால் மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தார். “ஒரு பக்கம் மட்டும் புடிச்சுத் தைச்சா துணியே இழுத்துக்கிட்டு நிக்கும். ரெண்டு பக்கமும் கொஞ்சம் பிரிச்சு விட்டுடுங்கம்மா” என்றார். பிஸ்மி சொல்லிக் கையெழுத்துப் போட்டார். ஷார்ஜாவுக்குச் சொல்லவில்லை.

அறுவை முடிந்து வீட்டுக்கு வந்த நாலாம் நாள், சொல்லாமல் கொள்ளாமல் அத்தா லீவில் வந்து நின்றார்கள். என் இரண்டு கண்ணும் ரத்தச் சிவப்பு. நான் ஓடிப் போய்ச் சிரித்தேன்.

“அத்தா, நீங்க ரெண்டு பேரு வந்திருக்கீங்க.”

சில நாள் எல்லாம் இரண்டாகத் தெரியும், பயப்படாதீர்கள் என்று டாக்டரம்மா சொல்லித்தான் அனுப்பியிருந்தார். ஆனாலும் அம்மா அழுதுகொண்டே முன்னால் வந்தார். “நான்தாங்க கையெழுத்துப் போட்டேன். ரெண்டுலயும்.”

அத்தா என் ஒரு கண்ணை உள்ளங்கையால் பொத்தி, “இப்ப எத்தனை அத்தா?” என்றார்கள். ஒண்ணு என்றேன். மறு கண்ணைப் பொத்தினார்கள். அதற்கும் ஒண்ணு. பிறகு அம்மா பக்கம் திரும்பி, “ரெண்டு கண்ணும் நல்லாத்தான் இருக்கு. மொகத்தத் தொடச்சுக்க” என்றார்கள்.

அல்லாஹ்வின் கிருபையால் பத்து நாளில் அத்தா ஒருவராகிவிட்டார்கள். பார்க்க வந்தவர்களிடமெல்லாம் அம்மா, “அவங்க அங்கேருந்து சொன்னபடிதான் செஞ்சோம்” என்றார். நான் குறுக்கே புகுந்து, “அத்தா ஒரு கண்ணுன்னுல்ல சொன்னாங்க” என்றேன். அம்மா என் தொடையில் கிள்ளினார். அத்தா டீ கிளாஸுக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார்கள். பெரியவர்கள் பேச்சில் குறுக்கிட்டதற்குத்தான் கிள்ளு என்று நினைத்தேன். கண் கெட்டிருந்தால் அதைத் தன் பேரில் வைத்துக்கொள்ளவும், நல்லபடியானால் அத்தா பேரில் எழுதிவிடவும் அம்மா முன்பே தீர்மானித்திருந்தது அந்த வயதில் எனக்கு எப்படித் தெரியும்?

அத்தா மவுத்தாகி, அடக்கம் செய்து நாலு வருஷம் ஆகிறது. அம்மா இன்னமும் அப்படியேதான் சொல்கிறார். இதைப் படிப்பவர்கள் நாலு பேருக்குச் சொல்லுங்கள். என் பேர் விட்டுப்போனாலும் பரவாயில்லை. கையெழுத்துப் போட்டது யார் என்பதை மட்டும் மாற்றிவிடாதீர்கள்.