அடித்தே வாழ்ந்தவன் அடி வாங்கிய மாலை

திண்டிவனம் பேருந்து நிலையத்தில் நின்றுகொண்டு, உலக விவகாரங்கள் அனைத்தையும் ஒற்றை ஆளாகத் தீர்த்துக்கொண்டிருந்த நேரத்தில்தான் கைபேசி அடித்தது. என் மகன் ஜான்சன். "நைனா, அந்தோணி மாமா செத்துட்டாரு." "எத்தினி பேரு சேந்து அடிச்சானுங்க?" என்று கேட்டேன். யாரும் அடிக்கவில்லையாம். விழுப்புரம் ஆஸ்பத்திரியில், தூக்கத்தில், மாரடைப்பு. தூக்கத்தில்தான் வந்திருக்கும். விழித்திருக்கும்போது அந்த மார்பின்மேல் கைவைக்கச் சாவுக்கும் தைரியம் இருந்திருக்காது.

அவனை அறிந்த எங்கள் கோயில் பங்கு மக்களுக்கு நான் புதிதாக என்ன சொல்லிவிடப் போகிறேன்? என் அக்கா மகன். கூட்டேரிப்பட்டு சாலைமுனையில் லாரிகளுக்குப் பஞ்சர் ஒட்டியவன். ஜாக்கி இல்லாத நாளில் லாரியை முதுகால் தூக்கிக்கொண்டே டயரைக் கழற்றுவான் என்று ஊரெல்லாம் சொல்லியிருக்கிறேன். அது பொய். வேனைத்தான் தூக்குவான். அவன் இங்கே ஒரு குத்து விட்டால் செஞ்சிக் கோட்டையில் புறாக்கள் பறக்கும். அது மட்டும் சத்தியம்.

ஒருநாள் கரும்பு லாரிக்காரர் ஒருவர் அவனிடம் குடிக்கத் தண்ணீர் கேட்டு வாங்கினார். சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு, "நீ எந்தத் தெருப்பா?" என்று விசாரித்தார். அந்தோணி சொன்னான். அவர் தண்ணீரைத் தரையில் ஊற்றினார். அடுத்த கணம் அந்தோணி அவரையே தரையில் ஊற்றிவிட்டான். பிறகு தானே தூக்கி உட்காரவைத்து, மூக்கிலிருந்து வழிந்த ரத்தத்தைத் துடைத்தபடி, "கடவுள் மண்ண புடிச்சி மனுசன செஞ்சப்ப தெருவுக்கு ஒரு குழி வெட்டல சார்" என்றான். அவன் கற்ற ஞானோபதேசம் மொத்தமும் அவ்வளவுதான்.

எங்கள் பங்கில் தவக்காலம்தோறும் பாஸ்கு நடக்கும். இயேசு பிடிபட்டு, சாட்டையடி பட்டு, சிலுவையில் சாகும் நாடகம். இயேசுவும் சீடர்களும் மேலத்தெருவிலிருந்து வருவார்கள். யூதாஸ்கூட, சீடன் என்பதால், அந்தத் தெருவுக்கே. காலனியான எங்களுக்கு இரண்டு திருடர்களும், இயேசுவுக்குப் பதிலாக விடுதலையாகும் கொலைகாரன் பரபாசும். பரபாஸ் நான். அந்தப் பதவியை நான் வகித்த கம்பீரத்தைப் பார்த்து நிஜக் கொலைகாரர்கள் தொழிலை விட்டிருக்கிறார்கள்.

சில வருடங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, புதிதாக வந்திருந்த சாமியார், மனிதர் எல்லோரும் கடவுளின் சாயல் என்று பிரசங்கம் வைத்தார். அந்தோணி எழுந்தான்.

"சாமி, எல்லாரும் சாயல்னீங்க. அப்ப எங்க மூஞ்சி இயேசு வேஷத்துக்கு ஆவுமா, ஆவாதா?"

கோயிலில் மின்விசிறிகூட மூச்சைப் பிடித்துக்கொண்டது. "ஆவும்" என்றார் சாமியார், அவன் பாஷையிலேயே. மேலத்தெருப் பெரியவர் ஒருவர் சிரித்தார். "ஆவட்டும் சாமி. ஆனா இவன் கோவத்துக்கு நாடகம் பாதியில நிக்கும். நின்னுட்டா இனிமே இந்தப் பேச்சே எடுக்கக் கூடாது."

"நிக்காது" என்றான் அந்தோணி.

அந்தத் தவக்காலம் அந்தோணிதான் இயேசு. சாட்டையடிக் காட்சி வந்தது. அடிக்கும் சேவகன் மேலத்தெரு சவரி. வருடாவருடம் இயேசுவாக நின்று, அந்த வருடம் சேவகனாக இறக்கப்பட்டவன். சிவப்புச் சாயத்தில் நனைத்த துணிச் சாட்டையால் அவன் அடிக்க வேண்டும். அங்கிக்குள்ளிருந்து மாட்டுச் சாட்டையை உருவினான். முதல் அடியின் சத்தத்துக்கு, மைக் செட்டுக்காரர் புதிதாக என்னவோ வைத்திருக்கிறார் என்று கூட்டம் கைதட்டியது. அடுத்த அடியில் தோல் பிய்ந்தது. "எங்க வேஷமாடா கேக்குது உனக்கு?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு வீசினான். ரத்தம் என் கன்னத்தில் தெறித்தது.

அந்தோணியைத் தூணோடு சேர்த்துக் கட்டிய கயிறு பேருக்குச் சுற்றியது. ஓர் உதறலில் விழுந்துவிடும். அவன் உதறவில்லை. நான் கிட்டே போய், "அவுத்துக்கினு வந்துடுடா, செத்துடுவ" என்றேன்.

"மாமா, உன் வசனம் முடிஞ்சிது இல்ல? ஓரமா போ."

அதற்குள் காலனிக்கு விஷயம் புரிந்துவிட்டது. மேடையே சாயும்படி ஏறினார்கள். சவரியின் தகரக் கவசத்தைப் பிடுங்கி அதனாலேயே அவன் வாயைக் கிழித்தார்கள். மிதித்த மிதியில் விலா எலும்பு முறிந்த சத்தம் மைக்கில் கேட்டது. என் மகன் ஜான்சன் பந்தல்காலைப் பிடுங்கி, சவரியின் மண்டைக்கு நேராக ஓங்கினான்.

அப்போதுதான் அந்தோணி கயிற்றை உதறினான்.

அடித்தான் ஐயா, எங்களை! மச்சினன், சித்தப்பன் என்று பார்க்கவில்லை. ஜான்சன் மேடையிலிருந்து பறந்து ஆர்மோனியத்தின்மேல் இறங்கினான். குறுக்கே நின்ற பாவத்துக்கு என் பல் ஒன்று விழுப்புரம் திசையிலும் இன்னொன்று புதுச்சேரி திசையிலும் புறப்பட்டுப் போயின.

"உன்ன கொல்ல பாத்தவன விட்டுட்டு எங்கள அடிக்கிறியே மாமா!" என்று ஜான்சன் கத்தினான்.

"அவனும் அதே மண்ணுதாண்டா. அதான் எனக்கு எரிச்சலே!"

பிறகு சவரியின் அங்கியைப் பிடித்துத் தூக்கி நிறுத்தினான். "துணிச் சாட்டைய எடு. நாடகம் நிக்கக் கூடாது." தானே தூணருகே போய்க் கையைப் பின்னால் வைத்துக்கொண்டான். சவரி விலாவைப் பிடித்தபடி அடித்த அடியில் ஈகூட எழுந்திருக்காது.

சிலுவையில், கொல்பவர்கள் அறியாமல் செய்கிறார்கள், அவர்களை மன்னியும் என்று பிதாவிடம் கேட்கும் இடம் வந்தது. அந்தோணி மேலத்தெருவைப் பார்த்தான், எங்களையும் பார்த்தான். "பிதாவே, இவங்க தெரிஞ்சேதான் செய்றாங்க. இருந்தாலும் மன்னிச்சிடும்" என்றான். சாமியார் திருத்தவில்லை. நாடகம் கடைசிவரை நடந்தது. அதன்பின் எந்த வேஷத்தையும் எந்தத் தெருவுக்கென்றும் யாரும் எழுதிவைக்கவில்லை.

அவனை அடக்கம் செய்த அன்று, பெட்டியைத் தூக்கும் வேளையில் சவரி வந்தான். ஜான்சன் வாசலை மறித்தான். "நீ தொடக் கூடாது." சவரி வாசலிலேயே நின்றான். திரும்பிப் போகவில்லை. காலனி மொத்தமும் என் மகன் பக்கம் நின்றது.

எனக்கு எழுபதுக்கு மேலாகிறது. கொசு அடிக்கவே ஆள் வைத்திருக்கிறேன். இருந்தாலும் விட்டேன் ஓர் அறை. பூமி ஒரு சுற்று கூடுதலாகச் சுற்றியிருக்கும். அவன் உதட்டில் ரத்தம் வந்தது.

"எதுக்கு நைனா?"

"தொடாதேன்னு சொல்றதுக்கு நம்ம தெருவுல ஆளு பொறக்கலடா."

சவரி முன்பக்கம் தோள் கொடுத்தான். கொஞ்ச தூரம் போனபின், அழுதுகொண்டே ஜான்சனும் அவன் பக்கத்தில் போய்ச் சேர்ந்துகொண்டான். எனக்கு மணிக்கட்டு வீங்கிவிட்டதால் பெட்டியைத் தூக்க முடியவில்லை, பின்னால் நடந்தேன். அந்தோணியின் சொத்தில் என் பங்குக்கு வந்தது அந்த ஓர் அறைதான். பத்திரமாக வைத்திருக்கிறேன். வீக்கம் வடிந்ததும், தொடாதே என்று சொல்லும் அடுத்த ஆளைப் பார்க்க வேண்டும். வெளியூர் போகத் தேவையில்லை, எங்கள் தெருவிலேயே இருக்கிறான்.